வெர்னா காப்பாற்றிய பஸ்

கிளீவ்லாந்துக்குக் கிழக்கே எங்கள் பார்லோ ஹைட்ஸ், டிராம் பாதை வந்ததால் உருவான குடியிருப்பு. டிராம் போய் பஸ் வந்தபோதும் ஒரு வழக்கம் மாறவில்லை. நிறுத்தத்தில் யாரும் நிற்க மாட்டோம். அவரவர் வீட்டு வாசலில் கை காட்டி ஏறுவோம். நிறுத்தத்தில் ஆள் எண்ண வந்த பஸ் கம்பெனி அதிகாரி பூஜ்யம் என்று எழுதினார். அடுத்த நாளும் வந்து எண்ணுவாராம்; அப்போதும் ஆளில்லை என்றால் பஸ் கிடையாதாம்.

வெர்னா ஸ்லோவிக்குக் கார் இல்லை. முப்பது வருடமாக அந்த பஸ்ஸில்தான் ஆஸ்பத்திரிச் சலவை வேலைக்குப் போகிறார். வீடு வீடாகக் கதவைத் தட்டினார்.

"நாளைக்கு மட்டும் நிறுத்தத்துக்கு நடந்து வாங்க. கால் தேஞ்சுடாது."

மறுநாள் பனியில் நாற்பத்திரண்டு பேர் நின்றோம்.

"இத்தனை பேரும் எங்கேம்மா இருந்தீங்க?" என்றார் அதிகாரி.

"எங்க வாசல்லதான். நீங்கதான் ஆளில்லாத இடமா பாத்து நின்னீங்க."

அந்த பஸ்ஸில்தான் நானும் இப்போது வேலைக்குப் போகிறேன்.