மாடி ஓட்டலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை

நான் நாலாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சினிமாவுக்குக் கிளம்பினோம். நைனா, அம்மா, அத்தை, நான். நைனாவுக்குச் சினிமா என்றாலே ஆகாது. மூன்று மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருப்பதற்குக் கழனியில் மடை மாற்றிவிட்டு வரலாம் என்பார். அப்படிப்பட்டவர் தாமாகவே, காஞ்சிபுரம் போய் சாயங்கால ஆட்டம் பார்க்கலாம், அதற்கு முன்னால் நல்ல ஓட்டலாகப் பார்த்துச் சாப்பிடலாம் என்று சொன்னபோது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஒன்பது வயதில் சினிமாவைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

எந்த ஓட்டல் என்பதையும் அவரே முடிவு செய்திருந்தார். தியேட்டருக்கு எதிரில், மாடியில் இருந்த ஏசி ஓட்டல். சைவம். ஆறரைக்கு ஆட்டம், ஐந்தரைக்கெல்லாம் ஓட்டலில் இருக்க வேண்டும் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தோசை சாப்பிட நேரம் குறித்துக்கொண்டு போன குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அத்தை நைனாவின் ஒரே தங்கை. நர்ஸ் படிப்பை முடித்திருந்தாள். செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குக் கூப்பிட்டும் இருந்தார்கள். கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தாத்தா சொல்லிவிட்டதால் வீட்டிலேயே இருந்தாள். அன்று மத்தியானம் அம்மா அவளுக்குத் தன்னுடைய மாம்பழக் கலர் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிவிட்டு, தலை நிறையப் பூவும் வைத்துவிட்டாள். சித்திரை மாத வெயில். சினிமாவுக்கு எதற்குப் பட்டுப்புடவை என்று கேட்டேன். "காஞ்சிபுரத்துக்குப் போறோம் இல்ல?" என்றாள் அம்மா. பட்டு நெய்கிற ஊருக்குப் பட்டு கட்டிக்கொண்டுதான் போக வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நானும் அழுது அடம்பிடித்து என் பட்டுப்பாவாடையை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பஸ்ஸில் நானும் அத்தையும் ஒரு சீட்டில் உட்கார்ந்தோம். நைனாவும் அம்மாவும் முன்னால் இருந்தார்கள். செய்யாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் அத்தை என் காதருகே குனிந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பரோட்டாக் கடையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். காலேஜ் படிக்கும்போது தோழிகளோடு அங்கே போயிருக்கிறாளாம். மாவை வீசினால் கைக்குட்டை மாதிரி விரியுமாம். கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு இரண்டு கையாலும் அடித்து நொறுக்கி, இலையில் போட்டு, கோழி சால்னாவை மேலே ஊற்றுவார்களாம்.

"நைனா இட்டுக்கினு போற ஓட்டல்ல பரோட்டா இருக்காதா அத்தே?"

"அங்க இட்லி, தோசதான். அதான் நம்ம வூட்லயே தெனம் கீதே" என்றாள். சற்று நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "நீ கேட்டா உங்க நைனா இல்லன்னு சொல்லமாட்டாரு. எங்க, கேட்டுத்தான் பாரேன்" என்றாள்.

காஞ்சிபுரத்தில் இறங்கும்போது எனக்குப் பரோட்டாவைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை. கல்லில் தோசைத்திருப்பி அடிக்கிற சத்தம் தெருமுனைக்கே கேட்டது. எனக்குப் பரோட்டாதான் வேண்டும் என்றேன். நாளைக்கு வாங்கித் தருகிறேன் என்றார் நைனா. இப்பவே வேண்டும் என்றேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். நான் பட்டுப்பாவாடையோடு அந்த நடைபாதையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தொண்டை கிழிய அழுதேன். பூ விற்கிற அம்மாள் ஒருத்தி, "பெத்த புள்ளைக்கு ஒரு பரோட்டா வாங்கிக் குடுக்கக்கூடாதாய்யா?" என்று நைனாவைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

"பேஜார் பண்ணாத. எய்ந்திரு" என்றார் நைனா பல்லைக் கடித்துக்கொண்டு.

"அவங்க வந்து ஒக்காந்துக்கினு இருப்பாங்க" என்று அம்மா மெதுவாகச் சொன்னாள்.

நான் அழுகையை நிறுத்தி, "யாரு?" என்று கேட்டேன்.

"படம் பாக்க வர்றவங்க" என்றாள் அம்மா. சரிதான் என்று மறுபடியும் அழத் தொடங்கினேன்.

அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தாள். "கொழந்த இவ்ளோ அழுவுது. இங்கியே துன்னா இன்னாண்ணா?" என்றாள். நைனா அவளைப் பார்த்தார். அத்தை அண்ணனிடம் பேசும்போது வழக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வாள். அன்று குனியவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார். பிறகு என்னைத் தூக்கி நிறுத்திப் பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "சரி, வாங்க" என்று கடைக்குள் நுழைந்தார்.

தகர மேஜையில் நான்கு இலை போட்டார்கள். அத்தை பட்டுப்புடவையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மூன்று பரோட்டா சாப்பிட்டாள். சால்னா முந்தானையில் சொட்டியது. அம்மா ஐயோ என்றாள். அத்தை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. நைனா மட்டும் இலையில் கை வைக்கவில்லை. அவருடைய செல்போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை அடித்ததும் எழுந்து கடை வாசலுக்குப் போய்ப் பேசினார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. கொழந்தைக்குத் திடீர்னு வயித்து வலி. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு வந்துட்டோம்."

என்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று புரிந்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வாய் நிறையப் பரோட்டாவோடு, "எனக்கு ஒன்னும் வலிக்கல நைனா!" என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். சால்னாக் கையால் பொத்தியதில் கண்ணெல்லாம் எரிந்தது.

என்ன நடந்தது என்பதை நான் காலேஜ் சேர்ந்த வருஷத்தில்தான் அத்தை சொன்னாள். அதற்கு முன்னால் மூன்று முறை அவளை வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றும் தட்டிப்போயிருந்தது. கடைசியாக வந்தவர்கள், பெண் உயரம் போதாது என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். அன்று அத்தை தோட்டத்துப் பக்கம் போய் நின்று அழுததை நைனா பார்த்திருக்கிறார். அதனால் நாலாவது வரனுக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மாப்பிள்ளை வீட்டார் மாடி ஓட்டலில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, சாப்பிடுகிற சாக்கில் பார்த்துவிட்டுப் போகட்டும். பிடிக்கவில்லை என்று சொன்னாலும் தங்கைக்குத் தெரியவே தெரியாது. நல்ல யோசனைதான். அடுப்படியில் அவர் அதை அம்மாவிடம் சொன்னபோது அத்தை பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சி காட்டுறதாவது பரவால்ல. தெரியாம காட்டுறாங்களேன்னு இருந்திச்சி. ஆனா அண்ணன் எனக்கோசரம்தான பண்ணாரு, அவரு மூஞ்சப் பாத்து எப்படிச் சொல்றது? அதான் உன்ன ஏத்திவுட்டேன்" என்றாள்.

வீட்டில் பழி என் மேல்தான் விழுந்தது. தாத்தா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அடங்காத பெண் என்று சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்குப் பெயர் வந்து, இன்றுவரை இருக்கிறது. நைனா ஒரு வார்த்தைகூட என்னைத் திட்டவில்லை. அடுத்த மாதமே அத்தையைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். தாத்தாவிடம் அவர் என்ன சொன்னார், எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அங்கேயே வேலை பார்த்த ஒருவரை, தனக்குப் பிடித்திருக்கிறது என்று அவளே வீட்டில் சொல்லி, நான்கு வருஷம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் படத்துக்கும் போனோம். என்ன படம் என்பது மறந்துவிட்டது. விளக்கு அணைவதற்கு முன்னால் நடந்தது மட்டும் நினைவிருக்கிறது. நான் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நைனா என்னை எழுப்பி அம்மாவுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தபடியே, "இனிமே உன்னக் கேக்காம எதுவும் பண்ணமாட்டேம்மா" என்றார். அத்தை முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நைனா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் படத்தின் முதல் பாதி மண்டையில் ஏறவே இல்லை. தெருவில் உட்கார்ந்து அழுது அந்தக் கடைக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனவள் நான். அடுத்த முறை எந்த ஓட்டலுக்குப் போகலாம் என்று கேட்பதாக இருந்தால், என்னையல்லவா கேட்க வேண்டும்?