துணிக்குக் கீழே பத்து விரல்கள்

கொமினிகேஷன் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: டைப் அடிக்கத் தெரியாதவனைவிட, டைப் அடிக்கப் பழகிக்கொண்டிருப்பவன்தான் வியாபாரத்துக்கு ஆபத்து.

நான் அந்த இரண்டாவது வகை. புத்தளம் உப்பளத்தில் மூட்டை தூக்கிய என் முதுகு ஒருநாள் நிமிர மறுத்துவிட்டது. இனி எதையும் தூக்கக் கூடாது என்றார் டொக்டர். தூக்காத வேலை எதுவும் எனக்குத் தெரியாது. மனைவி இடியப்பம் அவித்து விற்றாள். நான் கதிரையில் இருந்து அதைச் சாப்பிட்டேன். அந்த வெட்கத்தைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

அப்போதுதான் மனைவியின் தம்பி மகள் ரிஃப்னா கூப்பிட்டாள். கற்பிட்டி வீதியில் போட்டோகொப்பி, டைப்பிங் கடை வைத்திருப்பவள். மாப்பிள்ளை கட்டாரில், வயிற்றில் பிள்ளை. "புள்ள கிடைக்க முந்தி நீங்க கீபோட்டப் பாக்காம அடிக்கப் பழகணும் மாமா. இல்லாட்டி கடையப் பூட்டத்தான் வேணும்" என்றாள். கடை பூட்டினால் நான் மறுபடியும் கதிரைக்குத்தான். தலை நரைத்தபின் கீபோட்டில் கை வைத்த என் இனத்தவரே, நான் பட்டதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

தடித்த தோல்

நடு வரிசையில் இரண்டு எழுத்துகளின் மேல் மட்டும் சின்னதாய் ஒரு மேடு இருக்கும். ஆட்காட்டி விரல்கள் அதைத் தடவித் தங்கள் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் முதற்பாடம். உப்பில் ஊறிக் காய்த்துப்போன என் விரல்களுக்கு மேடும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. இரண்டு உப்புக் கல்லை ஒட்டிவிட்டால் என்ன என்று கேட்டேன். மாரி வந்தால் கரைந்துவிடும் என்று சொல்லிவிட்டு, தன் பழைய அபாயாவிலிருந்து இரண்டு மணிகளைப் பிடுங்கி ஒட்டினாள் ரிஃப்னா.

இப்போது இடம் தெரிந்தது. அந்த உற்சாகத்தில் நான் அடித்த முதல் வரியிலேயே இடைவெளி விடும் நீளக் கட்டை கழன்று மேசைக்குக் கீழே விழுந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து எடுத்தாள். "மாமா, இது உப்பு மூட்ட இல்ல. தொட்டாக் காணும்."

துணி

கண் கீழே போகாதிருக்க, என் இரண்டு கைகளையும் கீபோட்டோடு சேர்த்து ஒரு துவாயால் மூடிவிடுவாள். நான் திரையைப் பார்த்தபடி, உதடுகள் முணுமுணுக்க துணிக்குள் விரல்களை அசைப்பேன். தலவில அன்னம்மாள் கோயில் பெருநாளுக்கு வந்த சிலாபத்து அம்மா ஒருவர், அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க வந்தவர், என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

விளக்கம் சொல்லியிருக்கலாம். ஆனால் கையை வெளியே எடுத்தால் இடம் தவறிவிடும். தொப்பி போட்ட தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கண் கலங்கிப்போய்ச் சொன்னார்: "உங்கட கைக்கும் சேத்து அன்னம்மாளுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துறன் மகன்."

மூன்றாவது மருமகன்

எங்கள் பக்கத்தில் ஒருவர் மௌத்தானால் அன்றைக்கே அடக்கம். அதற்குள் அறிவித்தல் அடித்துப் பள்ளிவாசல்களில் ஒட்ட வேண்டும்; சொந்தக்காரர்கள் இருந்தால் கனமூலைக் கிராமம் வரைக்கும் போக வேண்டும். அதில் பிள்ளைகள், மருமக்கள், சம்பந்திகள் எல்லோர் பெயரும் வர வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் கோபம் அடுத்த மௌத்து வரை நிற்கும்.

பள்ளிவாசல் செயலாளர் நிலாம் காலையிலேயே பெயர்களைக் கொண்டுவந்தார். ரிஃப்னா கிளினிக்குக்குப் போயிருந்தாள். நான் கைகளைத் துவாயால் மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். மூத்த மருமகன் முடிந்தார். இரண்டாமவரில் ஒரு தடவை அழித்து அடித்தேன். அப்போது நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. என்னை அண்ணன் முறையில் நானா என்று அழைக்கும் நிலாம் எழும்பித் தொப்பியைச் சரிசெய்தார். "நானா, நாங்க போய் அடக்கிட்டு வாறம். நீங்க அவசரப்படாம மூணாவது மருமகனுக்கு வாங்க."

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த வேலையும் போகப்போகிறது என்று பயமாக இருந்தது.

ஒரு விரல்

பயத்தில் எங்கே இருந்தாலும் பழகினேன். சாப்பாட்டு மேசையில், பஸ்ஸில், மனைவியின் இடியப்பத் தட்டில். ஒரு நாள் பின்னேர அஸர் தொழுகையில், அத்தஹிய்யாத் ஓத மண்டியிட்டு இருக்கும் இருப்பு. கைகள் இரண்டும் தொடையில், விரல்கள் விரிந்து, அசலான நடு வரிசை. அவை என்னைக் கேட்கவில்லை, தாங்களாகவே அடிக்கத் தொடங்கிவிட்டன.

ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் பக்கத்தில் இருந்த மீன் வியாபாரி என் காதருகே குனிந்தார். "அத்தஹிய்யாத்துல ஒரு வெரலத்தான் நீட்டுற, நானா. மத்த ஒம்பதும் என்னத்துக்கு?"

கடை

ரிஃப்னாவுக்கு வலி வந்தது கடையில் வைத்துத்தான். ஓட்டோவில் ஏற்றி மனைவியோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தால், வாசலில் நிலாம். இன்னொரு மௌத்து, மருமக்கள் முன்னதைவிட அதிகம்.

போனைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நிலாம் பெயர்களை வாசிக்க வாசிக்க, என் கண் போனில் இருந்தது. தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை அவள். எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். கடைசிச் சம்பந்தியின் பெயரோடு நிலாம் நிறுத்தியபோது என் கையும் நின்றது. துவாய் பின்னால் ஆணியில் தொங்கியது. கீபோட்டை நான் ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை.

நிலாம் அச்சடித்த தாளை மேலிருந்து கீழாக இரண்டு முறை வாசித்தார். ஒரு மருமகனும் விடுபடவில்லை. "ஜனாஸா இன்னும் குளிப்பாட்டவே இல்ல நானா. இவ்வளவு அவசரம் கூடாது."

அன்று பின்னேரம்தான் போன் அடித்தது. ரிஃப்னாவேதான், களைத்த குரலில்: "மாமா, பொம்புளப் புள்ள. ரெண்டு பேரும் சுகம். சந்தோசத்துல கடையப் பூட்டிட்டு வந்துராதீங்க."

அன்றிலிருந்து கடையும் பூட்டப்படவில்லை, இடியப்பமும் வெட்கமில்லாமல் இறங்குகிறது. முதுகு மட்டும், நாள் முழுக்கக் கதிரையில் இருந்து இருந்து, மறுபடியும் வலிக்கத் தொடங்கியிருக்கிறது.