மோராக் காதில் விழுந்த 'ஓகே'

எங்கள் ஏதென்ஸில் இங்கிலீஷ் டியூஷன் சென்டர் இல்லாத தெரு அபூர்வம். செப்டம்பர் வந்தால் எல்லோரும் டீச்சர் தேடுவார்கள். அப்படியிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மோராக்குக்கு முதலில் ஏன் ஓரிடம்கூட அமையவில்லை? பள்ளியை முடித்துவிட்டு, வெளிநாடு போய் வேலை தேடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவள் நான். அதனால் அவரைத் துருவித் துருவிக் கேட்டேன்.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் அவர் பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்த்தவர். கம்பெனியை மூடியதும் டீச்சர் பயிற்சி முடித்து, கொஞ்சம் வெயிலையும் பார்க்கலாம் என்று இங்கே வந்தாராம். ஒவ்வொரு சென்டருக்கும் போன் போட்டார். எடுத்தவர்கள் எல்லோரும் முதலில் "நே?" என்றார்கள். எங்கள் கிரேக்க மொழியில் அது 'ஆமாம்'. போனை எடுத்தாலும் அதைத்தான் சொல்வோம். மோராக் காதில் அது 'நோ' என்று விழுந்தது.

"கேக்கறதுக்கு முன்னாடியே மாட்டேங்கறாங்களே, நான் மூச்சு விடறத வெச்சே வேலை கேக்கத்தான் கூப்பிடறேன்னு கண்டுபிடிச்சுட்டாங்களான்னு நெனச்சேன்," என்றார். ஒவ்வொரு தடவையும் ஸாரி சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கிறார்!

சனிக்கிழமை ஊர் திரும்ப டிக்கெட் இருந்தது. அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் தங்கை வீட்டு சோபாதான் கதி. வியாழனன்று கடைசியாக என் அத்தை ஸ்டமாதியாவின் சென்டருக்குப் போன் செய்தார். இந்தத் தடவை 'நோ' சொல்ல விடக்கூடாது என்று, எடுத்தவுடனே மூச்சுவிடாமல் பேசித் தீர்த்தார். எடுத்தவர் ஸ்தாத்திஸ் மாமா. மாமாவுக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. பதறிப்போய், "ஓஹி, ஓஹி!" என்று கத்தினார். எங்களுக்கு 'ஓஹி' என்றால் 'இல்லை'. மோராக்குக்குக் கேட்டது "ஓகே, ஓகே!"

மறுநாள் மோராக் எங்கள் வகுப்பு நடுவில் வந்து நின்றார்.

"யாரு நீங்க?" என்றார் அத்தை. எல்லா வகுப்பையும் தானே எடுத்து அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"புது டீச்சர். நேத்து போன்ல ஓகே சொன்னீங்களே?"

"யோவ் ஸ்தாத்திஸ்! நீயா சொன்ன?"

"நானா? ஓஹின்னுல்ல கத்துனேன்! அதுவும் ரெண்டு தடவ!"

அத்தை மோராக்கிடம் திரும்பினார். "வெளிநாட்டு டீச்சரே வேணாம்மா எனக்கு. போன வருசம் ஒருத்தி கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனா, இன்னும் வந்துகிட்டே இருக்கா."

மோராக் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அப்போது கடைசி பெஞ்சு பாந்தெலிஸ், வகுப்பில் இங்கிலீஷில் வாயே திறக்காதவன், இங்கிலீஷிலேயே கத்தினான்: "டீச்சர், ஓஹின்னா நோ!"

"அப்ப... நே?"

"யெஸ்!"

மோராக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "அடக் கடவுளே! ஊரே எனக்கு யெஸ் சொல்லிருக்கு, நான் ஸாரின்னு வெச்சுட்டேன்!"

வகுப்பே வெடித்துச் சிரித்தது. யாருக்கெல்லாம் போன் போட்டீங்க, என்ன நினைச்சீங்க, அழுதீங்களா என்று ஆளாளுக்கு முண்டியடித்துக் கேட்டோம். எல்லாம் தப்புத் தப்பான இங்கிலீஷில். மோராக் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். கேள்வியைத் திருத்தித் திரும்பக் கேட்க வைத்தார். பாந்தெலிஸை அடக்கவே முடியவில்லை. அத்தை கதவில் சாய்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்ததும் கேட்டார்: "கிறிஸ்துமஸுக்கு ஓடிட மாட்டீங்களே?"

"ஓஹி."

"திங்கக்கிழம வருவீங்களா?"

"நே."

அத்தை கண்ணைச் சுருக்கினார். "இது எந்த பாஷை?"

"உங்க பாஷைதான்," என்றார் மோராக்.