தொடாமல் விட்ட பொட்டலம்

ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடி. துணி துவைக்கும் சோப்பு வரிசையின் முன் வெகுநேரமாக நிற்கிறேன். எத்தனை நிறம், எத்தனை மணம். எதை உடுத்துவது, எந்தச் சாலையில் போவது, மகளுக்கு என்ன சமைப்பது என்று காலையிலிருந்து முடிவெடுத்தே களைத்துவிட்டேன். இந்தச் சோப்பைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. ஒரு புட்டியின் மூடியைத் திறந்தேன். மல்லிகை வாசம்.

நான் வளர்ந்த செடெனாக் ஊரில் எங்கள் வீட்டுச் சாமி மேடையும் இப்படித்தான் மணக்கும். முடிவெடுக்க முடியாதபோது அப்பா மல்லிகையையும் சிவப்பு அரளியையும் தனித்தனித் தாளில் மடித்துச் சாமி படத்தின் முன் வைப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. வீட்டில் சின்னவள் என்பதால் நான்தான் எடுக்க வேண்டும்.

"அம்மாவுக்கு ஆப்பரேஷன் செய்யலாமான்னு கேக்குறோம். எடும்மா," என்றார் அப்பா ஒருநாள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்தாள். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"பயப்படாதம்மா. எடுக்கிறது நீ இல்ல, சாமி."

விரல் என்னுடையதாயிற்றே.

கடைசியில் ஒன்றை எடுத்தேன். வெள்ளை வந்தது. அம்மா பிழைத்து வீடு திரும்பினாள். ஆனால் நான் தொடாமல் விட்ட அந்த இன்னொரு பொட்டலத்தை இன்றும் மறக்க முடியவில்லை. விரல் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால்?

"மா, இன்னும் எவ்ளோ நேரம் லா?" என்றாள் தள்ளுவண்டியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்ற மகள்.

"நீயே ஒண்ணு எடு."

அவள் அலமாரியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.