உறுதி எழுத அவசரப்பட்டேன்

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட நாங்கள் வாங்கவிருந்த வீட்டின் உறுதிப் பத்திரம் எழுதும் நாளை, வீட்டுக்காரி அக்கா மூன்று தடவை தள்ளிப்போட்டார். விலையைக் கூட்டத்தான் இழுத்தடிக்கிறார் என்று நினைத்து, ஒரு நாள் கோபத்தோடு நேரில் போனேன்.

அவர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். யன்னலோரக் கட்டிலில் அவருடைய கணவர் எலும்பும் தோலுமாகக் கிடந்தார்.

"ஆஸ்பத்திரியில இனி ஏலாதெண்டு அனுப்பிப்போட்டினம். இவர் கட்டின வீடு, தங்கச்சி. இஞ்சையே கண்ணை மூடட்டும். இன்னும் ஒரு மாசம் பொறுப்பீங்களோ?"

"எங்கட வாடகை வீட்டையும் இந்த மாசம் விடவேணும், அக்கா. எனக்கு ஏலாது."

அக்கா அடுத்த கிழமை வந்து கையெழுத்துப் போட்டார். அன்றே கணவரை ஒரு வான் வண்டியில் படுக்கவைத்து, தம்பலகாமத்தில் தன் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனார். மூன்றாம் நாள் அந்த மனிதர் இறந்துபோனார்.

செத்தவீட்டுக்குப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து, "வீடு வசதியா இருக்கோ?" என்று கேட்டார். "ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் வாடகை வீட்டுக்காரர் நல்ல மனிதர். இன்னும் ஒரு மாதம் கேட்டிருந்தால் தந்திருப்பார். நான் கேட்கவேயில்லை. அதை அக்காவிடம் இன்றுவரை சொல்லவுமில்லை.