வட்டத்தில் ஒரு பாதி ரேகை

ஊருக்கு மனு எழுதுகிறவரிடம் வாடிக்கைக்காரர் பகலில் வந்து கதவைத் தட்டுவார். மில் தொழிலாளர் சங்கத்துக்கு மனு எழுதுகிறவளிடம் இருட்டின பிறகு வந்து சீறுவார். செவ்வாய்ப்பேட்டை சந்துக்குக் குடிவந்த புதிதில், ஜன்னலுக்கு வெளியே அந்தச் சத்தம் கேட்டுப் பாம்பென்று நினைத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு டிரங்குப் பெட்டிமேல் ஏறி நின்றேன். நூல் மில் இரைச்சலில் ஆளைக் கூப்பிட்டால் காதில் விழாது. பல்லிடுக்கில் காற்றை விட்டு 'ஸ்ஸ்' என்றால்தான் நாலு மெஷின் தள்ளி நிற்பவர் திரும்புவார். அந்தப் பழக்கம் வெளியில் வந்தாலும் போவதில்லை. ஜன்னலில் தெரிந்த மில் தொழிலாளி மாரியப்பண்ணன் சொன்னார்: "பயப்படாதீங்க அம்மிணி, நாங்க கடிக்க மாட்டோம். கடிக்கறதெல்லாம் மேஸ்திரிதானுங்க."

என் கணவர் சங்கக் காரியதரிசி. யுத்தம் வந்ததும் அவரைப் பாதுகாப்புக் கைதியாகக் கொண்டுபோனார்கள். அவர் எழுதிவந்த மனுக்கள், கான்வென்டில் இங்கிலீஷ் படித்தவள் என்பதால் என் தலையில் விழுந்தன. எழுதுவது நான்தான் என்று தெரிந்தால் என்னையும் பிடித்துப்போவார்கள்; எட்டு மாதக் குழந்தையை யாரிடம் விடுவது? புருஷனை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே சங்க வேலை பார்த்த சகோதரிகளுக்கு அந்தப் பயத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இடது கை

பிறவியில் நான் இடதுகைக்காரி. கான்வென்டில் மதர் பிரம்பால் அடித்தடித்துப் பென்சிலை வலது கைக்கு மாற்றினார். மானேஜருக்குப் போகும் இங்கிலீஷ் மனுவை, கையெழுத்து அடையாளம் தெரியக்கூடாதென்று, அந்த அடிபட்ட இடது கையாலேயே எழுதினேன். தமிழ் நகல் மட்டும் அவசரத்தில் வலது கையால். எதற்குக் கைநாட்டு வைக்கிறோம் என்று தொழிலாளிகளுக்குத் தெரிய வேண்டாமா? மாரியப்பண்ணன் அதை மில்லின் லைன் வீடுகளுக்குக் கொண்டுபோய், படிக்கத் தெரிந்த யாரையாவது வாசித்துக்காட்டச் சொல்லிவிட்டு, மறுநாள் என்னிடமே திருப்பித் தருவார். நான் எரித்துவிடுவேன்.

நான் கை மாற்றி எழுதுவதை முதன்முதலில் பார்த்தபோது அவர் சொன்னார்: "இதை எங்க மொதலாளி பார்த்தாருன்னா ரெண்டாள் வேலையை ஓராளு தலையில கட்டிருவாருங்க."

தட்டைச் சுற்றி

மனுவில் யார் பெயர் முதலில் இருக்கிறதோ அவருக்குத்தான் முதலில் சீட்டுக் கிழியும். அதனால் காகிதத்தின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன் விளிம்பைச் சுற்றிக் கைநாட்டு வைப்பார்கள். பெயரும் கிடையாது. விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் அதுதான் மை.

அந்தத் தடவை கேட்டது பெரிய விஷயமில்லை. ரீலிங் பிரிவில் நூல் சுற்றும் பெண்களில் கைக்குழந்தைக்காரிகள், வேலை நடுவே ஒரு தடவை வெளியே வந்து பால் கொடுக்க அனுமதி. மாரியப்பண்ணன் சம்சாரம் காளியம்மாளும் அங்கேதான் வேலை பார்த்தாள். மார்பில் பால் கட்டி ஜுரத்தோடு நிற்பாள். கடைசி ரேகை விழுந்ததும் தட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஆரு மொதல்லன்னு கேட்டா, இந்தத் தட்டைத்தான் டிஸ்மிஸ் பண்ணோணும்!"

தொப்பி வைத்த வாடிக்கைக்காரர்

மனு போன மறுவாரம், பட்டப்பகலில், போலீஸ்காரர் ஒருவர் வாசலில் நின்றார். "மனு எழுதற அம்மா இருக்காங்களா?" மளிகைச் சீட்டைத் தவிர எதுவும் எழுதத் தெரியாது என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார். தாயாருக்கு வாதமாம், தம்மம்பட்டிக்கு மாற்றல் கேட்டு மேலதிகாரிக்கு எழுத வேண்டுமாம். எந்தக் கையால் எழுதினாலும் ஆபத்து. ஆகவே நான் வாயால் சொல்லச் சொல்ல அவரையே எழுதவைத்தேன்.

போகும்போது குரலைத் தாழ்த்தினார்: "மில் மானேஜர் அந்த மனு எழுதின ஆளைத் தேடறாருங்க. நான் இங்க வந்ததை நீங்க சொல்லாதீங்க, நானும் உங்களைப் பத்திச் சொல்ல மாட்டேன்."

பாதி ரேகை

மானேஜர் வட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு ரேகையின்மேல் விரலை வைத்தாராம். மற்றதெல்லாம் முழுசு, அது மட்டும் பாதி. மாரியப்பண்ணனின் இடது கட்டைவிரலில் பாதியை முந்தின வருஷம் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷின் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த விரலுக்கு நஷ்டஈடு கேட்டு எழுதியதுதான் என் முதல் மனு. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். முதலும் கடைசியும் தெரியக்கூடாதென்று அத்தனை பாடுபட்டோமே, ஒருவருக்கும் தோன்றவில்லை.

எழுதியது யார் என்று சொன்னால் வேலை நிலைக்கும் என்றாராம் மானேஜர். மாரியப்பண்ணன் சொன்ன பதிலை மில் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மிச்ச வெரலு உங்க மெஷினுக்குள்ளதானுங்க இருக்குது. அதையே கேட்டுக்கோங்க."

மடியில் இருந்தது

அவரை நிறுத்தினார்கள். பிறகு காளியம்மாளையும் நிறுத்தி, லைன் வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். எந்த மில்லிலும் சேர்க்காததால் அவர் கல் உடைக்கப் போனார். நான் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை.

ஒரு நாள் அந்தியில் காளியம்மாள் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். குழந்தைக்குக் கண் மட்டுமே பெரிதாக இருந்தது. மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். என் வலது கை எழுதிய தமிழ் நகல். அந்தத் தடவை மாரியப்பண்ணன் திருப்பித் தர மறந்தது; நானும் கேட்காமல் விட்டது. மானேஜரின் ஆள் மூன்று தடவை வந்தானாம். எழுதியவரின் பெயரோ, கையெழுத்தில் ஒரு துண்டோ கொடுத்தால் இருவருக்கும் வேலை என்றானாம். நான் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "இதை அடுப்புல போட்டுருங்க அம்மிணி. எங்கூட்டுல கெடந்தா, புள்ளை பசியில அழுவறப்ப நானே ஒரு நாளைக்கு எடுத்துக் குடுத்துருவேன்."

கைக்குழந்தைகளின் பசிக்காக மனு எழுதிய தொழிலில் நான் தேறியது இவ்வளவுதான்: பசித்த குழந்தையோடு வாசலில் நின்றவளை 'உள்ளே வாங்க' என்று சொல்ல வாய் வராமல், காகிதத்தை வாங்கிக்கொண்டு கதவை உள்ளே தாழிட்டேன்.