படத்தில் என் முழங்கை

புதுப் பத்திரிகையின் மை மணம் மூக்கில் ஏறினால் போதும், இன்றும் எனக்கு வயிறு எரியும். பிரதேச சபையில் உறுப்பினராகக் கதிரையில் இருக்கிறேன். முன்னால் அன்றைய பத்திரிகை கிடக்கிறது. விரிக்கக் கை வருவதில்லை.

எங்கள் மாதர் சங்கத்துக்கு, அக்கா என்று நாங்கள் கூப்பிடுபவர் தலைவி, நான் செயலாளர். வட்டக்கச்சியிலிருந்து ஒரே பட்டியலில் இருவரும் சபைத் தேர்தலுக்கு நின்றோம். முதல் கூட்டத்தில் அக்கா பேசியது நான் எழுதிக் கொடுத்த பேச்சு: உள்வீதிக்கு பஸ் வராததால் பள்ளிக்கூடத்தை விட்ட பெண்பிள்ளைகளின் கதை. மறுநாள் பத்திரிகையில் அக்காவின் படம். பக்கத்தில் நின்ற என்னில் மிஞ்சியது முழங்கை மட்டும். பேச்சிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. கத்தரிப்பூச் சேலை இருந்தது, கன்னக்குழி இருந்தது, 'கவரும் வேட்பாளர்' என்ற தலைப்பு இருந்தது. பேச்சைத் தின்றுவிட்டார்களே என்று நான் கோபப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அந்தக் கன்னக்குழி எனக்கில்லையே என்றுதான் புழுங்கினேன். வாக்குக் கேட்டுப் போன ஒரு வீட்டுப் படலையில் ஓர் அம்மா, "பேப்பரிலை வந்த வடிவான பிள்ளை வரேல்லையோ? நீங்கள் ஆர், அவாவுக்குக் குடை பிடிக்க வந்தனீங்களோ?" என்று சிரித்தார்.

அந்தக் கிழமைதான் அந்தப் பத்திரிகையின் செய்தியாளர் எனக்குப் போன் எடுத்தார். "அவாவும் மனுசனும் ஒண்டாத்தானே இருக்கினம்? ஊரிலை வேறை கதை அடிபடுது."

அக்காவின் கணவர் வவுனியாவில் மேசன் வேலைக்கு நின்றார்; மாத முடிவில் சாமான் பையோடு வருவார். எனக்குத் தெரியும். சொல்ல ஒரு மூச்சுப் போதும்.

"அதை அவாவிட்டையே கேளுங்கோ," என்றேன். சொன்னதும் உள்ளே குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை மறைக்க மாட்டேன்.

'கணவர் எங்கே? கூட நிற்பவரும் வாய் திறக்கவில்லை' என்று மறுநாள் வந்தது. அதன்பின் எந்தப் படலையிலும் பஸ்ஸைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அக்கா தோற்றார். பட்டியலில் பெண்களுக்கென ஒதுக்கிய இடம் எனக்கு வந்தது. இன்றும் ஊரில் அக்காவைத்தான் விசாரிக்கிறார்கள், அதற்கும் எரிகிறது.

கணவரோடு இருக்க வவுனியாவுக்குப் போவதற்கு முதல் நாள், சங்கத்தின் முத்திரையைத் தர அக்கா வந்தார். தேத்தண்ணி வேண்டாமென்றார். வாசலில் செருப்பை மாட்டியபடி கேட்டார்:

"அந்தப் பேப்பர்க்காரன் உன்னட்டையும் கேட்டவனாம். என்ன சொன்னனீ, தங்கச்சி?"

"நான் ஒண்டுமே சொல்லேல்லை அக்கா."

"ஓம். அதைத்தானே பேப்பரிலை போட்டவங்கள்."